கசற்றில் இருந்த வாய்க்கால்

பழைய வீட்டுக் கணினிகளைத் தேடி எடுத்துத் திருத்தி வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நான் அதில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டவெளியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களை வெளியே விட்டு மூன்றாவது வருடம்.

எங்கள் ஊர் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. அதனால் வங்காலையில் ஓர் அக்காவின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். அவர் எனக்குச் சொந்தமில்லை. கணவர் கடலுக்குப் போய் இறந்தவர். ஒரே மகனை யாரோ விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய், அவன் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளாமல், ஆனால் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்தோம்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கணினியின் வரலாறு என்று ஒரு பாடம் எடுக்க வேண்டியிருந்தது. படம் தேடியபோது திரையில் அது வந்து நின்றது. கறுப்புப் பெட்டி, சாம்பல் நிற இறப்பர் பொத்தான்கள், மூலையில் நாலு நிறக் கோடு. அதைப் பார்த்தபடி கனநேரம் கதிரையில் இருந்தேன். எனக்கு இருபத்தொரு வயதில் எங்கள் வீட்டில் அது இருந்தது.

சவூதியில் வேலை செய்த அண்ணன் அனுப்பியது. எங்கள் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றி வந்து, அதில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவியையும் இந்தப் பெட்டியையும் கொழுவுவோம். எழுதியதைச் சேமிக்க வேண்டுமென்றால் சாதாரண பாட்டுக் கசற்றில் பதிய வேண்டும். எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் வீதிகள் இருந்த நிலையில் போக முடியாமல் வீட்டில் இருந்த காலம் அது. கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து நானே படித்தேன்.

அப்பா எங்கள் வாய்க்காலுக்கு வட்டவிதானை. குளத்துத் தண்ணீர் யாருடைய வயலுக்கு எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று முறை வைப்பவர் அவர்தான். ஒவ்வொரு போகமும் அதைக் கொப்பியில் எழுதிக் கிழித்து எழுதுவார். நான் அதை அந்தப் பெட்டியில் ஒரு நிரலாகச் செய்தேன். வாய்க்காலின் தலையிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வயலும் ஒரு வரி. சொந்தக்காரரின் பெயர், ஏக்கர், மடையின் இலக்கம். குளத்தில் இருக்கும் தண்ணீரைச் சொன்னால் முறை வரும். அப்பா அதைப் பெரிதாகப் புகழவில்லை. ஆனால் அந்தப் போகம் கொப்பி எழுதவில்லை.

பிறகு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தோம். மறுபடியும் இடம்பெயர்ந்தோம். பெட்டி எந்தத் தடவை போனது என்று எனக்கே தெரியாது. கசற் மட்டும் என்னுடைய சான்றிதழ்களோடு ஒரு பொலித்தீன் உறைக்குள் கிடந்தது. கடைசி இடப்பெயர்வில் அப்பா காய்ச்சலில் இறந்தார், மருந்து இருக்கவில்லை. முகாம் வாசலில் உடைமைகளைச் சோதித்த சிப்பாய் கசற்றைத் தூக்கி, பாட்டா என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். மேலே நாதஸ்வரம் என்று எழுதியிருந்தது. திருப்பித் தந்தான்.

அண்ணன் இப்போது நோர்வேயில். தொலைபேசியில் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். “அப்பிடி ஒண்டு நான் அனுப்பினனானோ?” என்றான்.

குழுவில் சேருகிறவர்கள் முதலில் தங்களை அறிமுகப்படுத்த வேண்டும். முதலில் தொட்ட கணினி எது, இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். நத்தார்ப் பரிசாகக் கிடைத்தது, மச்சானோடு விளையாடிய விளையாட்டு, இப்போது பதினேழு பெட்டிகள். நான் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். பெட்டி இல்லை. கசற் ஒன்று இருக்கிறது. இருபத்தாறு வருடத்துக்கு மேல். அதில் உள்ளதை எடுக்க முடியுமா?

அடுத்த நாள் பாடசாலை இடைவேளையில் பார்த்தபோது பன்னிரண்டு பதில்கள். அதில் மூன்று பேர் ஒரே விஷயத்தைத் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அதை ஒரு ரேப் ரெக்கோடரில் போட்டு ஓடவிட வேண்டாம். நான் அன்று பின்னேரம் அதைத்தான் செய்ய இருந்தேன். படம் எடுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. இத்தனை வருடம் இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். கூடாரம், பங்கர், மழைவெள்ளம் நின்ற முகாம் என்று ஒழுங்காக எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரும் ஒன்றும் எழுதவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் தனியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சிலாபம் பக்கத்தில் இருக்கும் ஒருவர். ஓய்வுபெற்ற ரீவி திருத்துநர், கத்தோலிக்கர், சிங்களவர். இலங்கையில் அந்தக் குழுவில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவரிடம் அதே பெட்டி ஓடக்கூடிய நிலையில் இருந்தது. ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருவேன், அப்படியே பெட்டியையும் கொண்டு உங்களிடம் வரட்டுமா என்று கேட்டிருந்தார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தவர். கை நின்றது.

“வீட்டுக்கோ?”

“ஓம் அக்கா. வேற இடம் இல்லை. ஒரு பகல்தான்.”

“அவரில ஒரு பிழையும் இல்லை, ரீச்சர். எனக்கு அந்தப் பாசை வீட்டுக்குள்ள கேக்கேலாது. மகனைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்குப் பிறகு கேக்கேலாது.”

நான் வற்புறுத்தவில்லை. வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னேன். இரண்டு கிழமை அந்தக் கதை இல்லை. ஒருநாள் பூசை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றியபடி, “மாதாட்ட வாறவரை வரவேண்டாமெண்டு சொல்லக்கூடாது. வரச்சொல்லுங்கோ. நான் குசினியில நிக்கிறன்,” என்றார்.

சிலாபத்து ஐயா மனைவியை மடுவில் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பெட்டியை ஒரு குழந்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்று, தமிழில், “உள்ள வரலாமா, ரீச்சர்?” என்று கேட்டார். “எங்க அம்மா வீட்டில தமிழ்தான் பேசுறது. எனக்குக் கொஞ்சம் பிழையா வரும்.” குசினிக்குள் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றதை நான் கவனித்தேன்.

முற்பகல் முழுவதும் கசற்றோடு போனது. சின்ன ஆணிகளைக் கழற்றி நாடாவை வெளியே எடுத்தார். அதை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகக் கையால் சுற்றி, பஞ்சால் துடைத்து, புதுக் கூட்டுக்குள் வைத்தார். நெற்றி வியர்வை நாடாவில் விழாமல் தலையைப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

“ஒரே ஒரு தரம்தான் ஓடும் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே நேரத்தில போகட்டும். பெட்டி வாசிக்காட்டியும் சத்தம் எங்களிட்ட இருக்கும்.”

ஓடவிட்டார். முதலில் நாதஸ்வரத்தின் ஒரு துண்டு. பிறகு அந்தக் கீச்சுச் சத்தம். ரீவித் திரையின் ஓரத்தில் கோடுகள் ஓடின. நிரலின் பெயர் வந்தது: VAIKAL. நான் வைத்த பெயர். அக்கா குசினி வாசலுக்கு வந்து, கையைத் துடைத்தபடி நின்றார்.

“இதுக்குள்ளயோ ஆக்களின்ர பேர் இருக்குது?”

“ஓம் அக்கா.”

“சத்தமாக் கிடக்குது.”

நாலைந்து நிமிடம் ஓடியிருக்கும். கோடுகள் நின்றன. பிழை என்று ஒரு வரி வந்தது. பெட்டிக்குள் ஒன்றும் தங்கவில்லை. ஐயா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். “மன்னிக்க வேணும்,” என்றார். அவரில் என்ன பிழை என்று நான் கேட்டேன்.

அக்கா சோறு போட்டார். மீன்குழம்பும் முருங்கையிலையும். ஐயா சாப்பிட்டு முடித்து, உங்கள் மகனுக்காக மடுவில் மெழுகுதிரி ஏற்றுவேன், பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் அவருக்கு மகனைப் பற்றி எழுதியிருந்தேன். அக்கா பெயரைச் சொன்னார். அவர் அதை ஒரு தரம் திரும்பச் சொல்லிப் பார்த்தார், சரியாக வருகிறதா என்று. அக்கா திருத்திக் கொடுத்தார்.

சத்தம் மடிக்கணினியில் இருந்தது. சிலாபத்திலிருந்து அதைக் குழுவுக்கு அனுப்பினார். அதன் பிறகு இரண்டு கிழமை நடந்ததை நான் முன்பு எங்கும் கண்டதில்லை. ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் இரைச்சலைக் குறைத்தார். வேறொருவர் நாடா இழுபட்ட இடங்களைச் சரிப்படுத்தினார். போலந்தில் ஒரு பெண் பொறியியலாளர் சத்தத்தை வரைபடமாக விரித்து, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் கண்ணால் எண்ணி, ஒன்றா பூச்சியமா என்று எழுதினார். தன் வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணித்தியாலம் அதற்காக வைத்திருந்தார். காலையில் பஸ் ஏறும்போது எனக்கு மூன்று வரி வரும், சிலநாள் ஐந்து. ஆங்கில எழுத்தில் பெயர்; பக்கத்தில் ஏக்கர். பாலத்தைத் தாண்டி மன்னார் வருவதற்குள் யாருடைய வயல் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இது யார், இப்போது இருக்கிறாரா என்று அவர்கள் கேட்பார்கள். முதல் மூன்று பெயர்களுக்கும் பதில் எழுதினேன். ஒருவர் ஷெல்லில். ஒருவர் கனடாவில். ஒருவர் எங்கே என்று தெரியாது. அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று எழுதினேன். கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

வரிகளுக்கு இலக்கம் உண்டு. பத்துப் பத்தாகப் போகும். எல்லாம் வந்து முடிந்தபோது போலந்துப் பெண் கேட்டார்: 630க்குப் பிறகு 650 வருகிறது. 640 இல்லை. அங்கே ஒரு வயல் இருந்ததா?

நாடா பழுதாக இருக்கும் என்று பதில் எழுதினேன்.

அன்று பின்னேரமே பதில் வந்தது. இல்லை. எழுத்துகளின் மொத்தக் கணக்கு சரியாக இருக்கிறது. அந்த இடத்தில் ஒன்றும் தொலையவில்லை. பதியும்போதே அந்த வரி இருக்கவில்லை.

நான் மடிக்கணினியை மூடினேன். அவருக்கு மறுமொழி எழுதவில்லை. அந்த நிரலில் ஒரு வரியை அழிக்க வேண்டுமென்றால் அதன் இலக்கத்தை மட்டும் தட்டினால் போதும். தட்டிய விரல் எனக்கு நினைவிருந்தது.

புரட்டாதியில் எங்கள் ஊரில் கமக்காரர் கூட்டம் வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் உழாத வயல். வரம்பு ஒன்றும் மிஞ்சவில்லை. உடைவேலும் நாணலும் ஆளுயரத்துக்கு நின்றன. யாருடைய காணி எது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். காணி உறுதிப் பத்திரங்கள் பலரிடம் இல்லை. எனக்குப் பட்டியல் கிடைத்த செய்தி எப்படியோ போய்விட்டது. கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார்கள். தமிழில் எழுதி, பாடசாலையில் படியெடுத்துக்கொண்டு போனேன்.

கூரையில்லாத பொதுமண்டபத்தில், தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். வாய்க்காலின் தலையிலிருந்து தொடங்கினேன். முதல் பெயரை வாசித்ததும் பின்வரிசையிலிருந்து, “என்ர அப்பா. நான் இருக்கிறன்,” என்று ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் யாரோ பதில் சொன்னார்கள். “பேரப்பிள்ளை இருக்குது.” “வவுனியாவில இருக்கினம், வருவினம்.” “மனிசி மட்டும்.” சில பெயர்களுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது நான் கொஞ்சம் நின்று அடுத்ததை வாசித்தேன். என் அப்பாவின் பெயர் வந்தபோது என் குரல் சரியாகத்தான் வந்தது. “நான் இருக்கிறன்,” என்றேன்.

வாசித்து முடித்தேன். கமக்காரர் அமைப்பின் தலைவர், “இனிச் சண்டை வேண்டாம். இதுதான் வரிசை,” என்றார். பலர் தலையாட்டினார்கள்.

ஓரத்தில் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினார். என்னைவிட நாலைந்து வயது குறைவு. சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம்.

“எங்கட அப்பாவின்ர பேர் வரேல்லை.”

தலைவர் தாளைப் புரட்டினார். “கசற் பழுதாப்போனதில விட்டுப்போயிருக்கும், தங்கச்சி.”

அந்த வசனத்தை நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதை வேறு ஒருவர் எனக்காகச் சொல்லித் தந்துவிட்டார். சும்மா இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“கசற் பழுதில்லை,” என்றேன். “நான்தான் விட்டனான்.”

சனம் திரும்பிப் பார்த்தது. நான் சொன்னேன். அவருடைய அப்பா வாய்க்காலின் கடைசிப் பக்கத்தில், அரசாங்கத்தின் ஒதுக்குக் காணியில் காடு வெட்டி ஒரு ஏக்கர் வயல் செய்திருந்தார். என் அப்பாவுக்கும் அவருக்கும் அதில் மனஸ்தாபம். நான் முதலில் அவருடைய பெயரை எழுதித்தான் இருந்தேன். அப்பா திரையைப் பார்த்து, அவனுக்குத் தண்ணி முறை இல்லை, எடு என்றார். எடுத்தேன். ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. “கொப்பியில எண்டால் வெட்டின கோடாவது இருந்திருக்கும்,” என்றேன். “இதில அதுவும் இல்லை.”

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்தார்.

“அந்தப் போகம் எங்கட வயல் காய்ஞ்சது, ரீச்சர். அப்பா முருங்கனுக்குக் கூலிக்குப் போனவர். நான் பள்ளிக்கூடம் நிண்டது அந்த வருசம்.”

எனக்கு அது தெரியாது. அவர் பள்ளிக்கூடம் போவதை விட்டதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் பாயில் போய் இருந்தார். கூட்டம் வேறு கதைக்குப் போனது.

அன்று வீட்டுக்கு வந்து குழுவுக்கு நடந்ததை எழுதினேன். போலந்துப் பெண்ணுக்குப் பொய் சொன்னதையும் எழுதினேன். பிறகு 640ஆம் வரியைச் சேர்த்து, அதைத்தான் குழுவின் ஆவணக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர்கள் மறுத்தார்கள். கடுமையாக இல்லை, ஆனால் உறுதியாக. கிடைத்ததைக் கிடைத்தபடியே வைப்பது அந்தக் குழுவின் முதல் விதி. ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை. விளையாட்டு நிரல்களுக்கு அந்த விதி சரி, இது ஆட்களின் வயல் என்று நான் எழுதினேன். ஒரு கிழமை வாதம் நடந்தது. சிலாபத்து ஐயா எந்தப் பக்கமும் பேசாமல் இருந்தார். கடைசியில் போலந்துப் பெண் எழுதினார்: “நீங்கள் திருத்தினதை மட்டும் வைத்தால், உங்கள் அப்பா அந்த வரியை எடுக்கச் சொன்னது நடக்காதது போல ஆகிவிடும். அதுதான் உங்களுக்கு வேண்டுமா?”

இரண்டையும் வைப்பதென்று முடிவானது. முதலாவது, இடைவெளியோடு. இரண்டாவது, சேர்த்த வரியோடு. இரண்டுக்கும் நடுவே நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, ஆங்கிலத்திலும் தமிழிலும். அந்தக் களஞ்சியத்தில் தமிழ் எழுத்து இருப்பது அதுதான் முதல் தடவை என்றார்கள்.

காணிக் கந்தோரில் பட்டியலைப் பார்த்த உத்தியோகத்தர் இது ஆவணம் ஆகாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஒரு படியை வாங்கிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். வயல்களின் வரிசையை எங்கள் ஆட்கள் அதை வைத்துத்தான் பிரித்தார்கள். ஒதுக்குக் காணிக்கு முறை கொடுப்பதா என்று மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் கொடுக்க வேண்டும் என்று பேசினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. தகப்பன் வைத்த முறையை மகள் குலைக்கிறாள் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடைசியில் மற்றவர்களுக்குப் பிறகு, அரை நேரம் என்று தீர்த்தார்கள்.

சிலாபத்து ஐயா அடுத்த ஆவணியில் வந்தபோது பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். தனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது என்றார். அக்கா அவருக்கென்று கருவாடு கட்டிக் கொடுத்தார்.

அந்த வருடம் மாரியில், காலபோகத்து முதல் தண்ணீர் திறந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். தலை வயல்களைத் தாண்டிக் கடைசிக்குத் தண்ணீர் வர மத்தியானம் ஆகிவிட்டது. அந்தப் பெண் மண்வெட்டியோடு வரம்பில் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் கலங்கலாக, சருகைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தது. பாதி வயல் நனைந்திருக்கும், மேலே மடையை அடைத்துவிட்டார்கள்.

அவர் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நேரம் காணாது, ரீச்சர். அடுத்த கூட்டத்தில நான் கதைக்கப்போறன்.”

“கதையுங்கோ,” என்றேன். “நானும் வாறன்.”

அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஈரம் ஏறாத பக்கத்தைப் பார்க்க வரம்பால் நடந்தார்.